தாடை மூட்டு வலிக்கு ஊசி போடலாமா? போட்டால் எந்த ஊசி?

தோட்டத்து_மருமகன் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 36. இடப்பக்கக் காதுக்கு முன்னால் வலி. முன்பெல்லாம் வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் வரும். நோன்புப் பெருநாள் வாக்கில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அன்றிலிருந்து வாய் பாதிதான் திறக்கிறது, இரண்டு விரல் நுழைவதே சிரமம். திறக்கும்போது தாடை இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. காலையில் எழுந்தால் கன்னமும் பொட்டும் கனக்கிறது என்கிறாள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமும் உண்டு. இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள்.

கவர்மெண்ட் பல் கிளினிக்கில் ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். வலிக்குப் போன்ஸ்டான் மாத்திரை கொடுத்தார்கள். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார்கள். இதற்குள் டவுனில் ஒரு அழகு நிலையத்தில் "போடாக்ஸ் போட்டால் தாடை தளர்ந்துவிடும்" என்று பேக்கேஜ் பேசுகிறார்கள். இன்னொருவர் ஸ்டீராய்டு என்கிறார். மைத்துனர் ஏதோ ஜெல் ஊசி என்கிறார். எது எதற்கு? எதில் என்ன ஆபத்து? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வாய்முகப்_பிரிவு

தம்பி, நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் ஒன்றாக வருகிறது. சத்தம் நின்றது, அதே நாளில் வாய் திறப்பது குறைந்தது, தாடை வலிக்கிற பக்கமே சாய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் முன்னால் நழுவித் திரும்ப ஏறாமல் நிற்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். சத்தம் நின்றதே நல்லது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தாடைக் குமிழ் (கீழ்த்தாடை எலும்பின் உருண்ட மேல்முனை) டிஸ்க்கின் மேல் ஏறும்போதுதான் அந்த 'டக்'. ஏறவே முடியாமல் போனால் சத்தத்துக்கும் வேலை இல்லை. ஓபிஜி எலும்பைத்தான் காட்டும், டிஸ்க்கைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். ஆகவே "ஓபிஜி சுத்தம்" என்பதால் மூட்டில் கோளாறில்லை என்று ஆகிவிடாது.

காலைக் கனம், பல் கடிப்பு, பொட்டு வலி எல்லாம் தசையின் கணக்கு. ஆக உங்கள் மனைவிக்கு மூட்டு, தசை இரண்டும் கலந்திருக்கலாம். ஊசியின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வலி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். தசைக்குப் போடுகிற ஊசி மூட்டுக்குள் நழுவிய டிஸ்க்கை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பிள்ளைகளின் பிளாஸ்டிக் ரூலர் போதும், ஆனால் சுழி தொடங்கும் இடத்தைப் பாருங்கள், சிலவற்றில் விளிம்பிலிருந்து தொடங்காது. மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனி வரை அளந்து இரண்டு எண்ணாக எழுதுங்கள்: வலிக்காமல் எவ்வளவு, வலியைப் பொறுத்துக்கொண்டு எவ்வளவு. பெரியவர்களுக்குப் பொதுவாக 40 முதல் 55 மி.மீ. வரை திறக்கும். 35-ஐத் தொடவில்லை என்றால் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் விரலால் மெதுவாகக் கூடுதலாகத் திறந்து பார்ப்பார்கள். ரப்பர் போல இழுபட்டு இன்னும் ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால் தசை. சுவரில் முட்டியதுபோல் நின்றால் மூட்டு. அப்படியும் குழப்பமாக இருந்தால் காதுக்கு முன்னால் ஓடும் நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்து பார்ப்பார்கள். வலி அடங்கினால் ஊற்று மூட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஊசிகள்.

தசையில் முடிச்சுப் போல ஒரு புள்ளி, அழுத்தினால் வலி பொட்டுக்கோ பல்லுக்கோ ஓடுகிறது என்றால், அந்தப் புள்ளியில் அட்ரினலின் சேராத லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தை அரை மில்லிலிட்டர் அளவில், 27 கேஜ் மெல்லிய ஊசியில் போடலாம். மருந்தே இல்லாமல் வெறும் ஊசியைச் செருகினாலும் பலருக்கு ஏறக்குறைய அதே பலன்தான்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு: டிரையாம்சினோலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன். டிஸ்க்குக்கு மேலே இருக்கும் மூட்டின் மேலறையே ஒன்றேகால் மில்லிலிட்டர் அளவுதான் கொள்ளும், அதனால் போடுவது அரை முதல் ஒரு மில்லிலிட்டர். மூட்டு நிஜமாகவே அழற்சியில் இருந்தால், வாத நோயில் வருவதுபோல, நன்றாகக் கேட்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பும் குமிழும் கரையும். வளரும் பிள்ளைகளுக்குத் தாடை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். மருந்து தோலடியில் கசிந்தால் அந்த இடம் குழிவிழுந்து வெளுத்துப்போகும். நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும், மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் மனைவிக்கு இனிப்புநீர் என்பதால் இதைக் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மைத்துனர் சொல்லும் ஜெல் ஹயலூரோனிக் அமிலம். மூட்டு நீரில் இயல்பாகவே இருக்கிற வழவழப்புப் பொருள். சுமார் 1 மி.லி., ஒரு தடவையோ வாரம் ஒன்றாகச் சில தடவையோ. ஆபத்து குறைவு, பலனும் ஆளுக்கு ஆள் மாறும். சில தயாரிப்புகள் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுகின்றன, சில நுண்ணுயிரி நொதித்தலில் வருகின்றன. சைவம் சாப்பிடுபவர்கள், கோழி, முட்டை ஒவ்வாதவர்கள் எந்த வகை என்று கேட்டுவிடுங்கள்.

சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பிஆர்பி (பிளேட்லெட் செறிந்த இரத்த நீர்) ஊசியும் இப்போது பேசப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாகத் தயாரிப்பதால் ஒன்றின் பலனை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. பணம் செலவழித்துத் தேடிப் போகும் அளவுக்கு இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

உங்கள் மனைவி போன்ற பூட்டிய மூட்டுக்கு முதலில் நினைப்பது மூட்டைக் கழுவுவது. அதையும் ஊசியால்தான் செய்கிறோம், ஆனால் மருந்தைவிடக் கழுவுகிற நீருக்குத்தான் வேலை. பூட்டிய கொஞ்ச காலத்துக்குள் செய்தால் பலன் கூடுதல், அதனால் ஈப்போ கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

---

மருந்தகம்_பேராக்

அண்ணே, அழகு நிலையத்துப் பேக்கேஜைத் தயவுசெய்து விடுங்கள். போடாக்ஸ் மருத்துவச் சீட்டில் மட்டும் வரும் மருந்து. பதிவு பெற்ற டாக்டரோ பல் டாக்டரோ, அதற்கான பயிற்சியோடு போட வேண்டியது. நம் நாட்டில் பதிவான மருந்துப் பெட்டியில் MAL எண் இருக்கும். தமிழில் படிக்க 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும். ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத் தேடலில் அந்த எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வரும். வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தடுக்கிறது. தசை கடிக்கிற பலம் குறைகிறது. மூன்றாம் நாள் முதல் ஒரு வாரத்துக்குள் தெரிய ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் உச்சம், மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். கன்னத் தசைக்கு ஒரு பக்கத்துக்கு 25 முதல் 50 யூனிட், பொட்டுத் தசைக்கு 10 முதல் 25 யூனிட் என்று எழுதியிருப்பது போடாக்ஸ் என்ற அந்த ஒரு தயாரிப்பின் யூனிட். அதே வகையைச் சேர்ந்த இன்னொரு தயாரிப்பான டிஸ்போர்ட்டின் யூனிட் வேறு. எண்ணை அப்படியே மாற்றிப் போட்டால் அளவு தவறிவிடும். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. சலைன் (உப்பு நீர்) கலந்தால் 0.1 மி.லி.க்கு 4 யூனிட். "எந்தப் பிராண்ட், எத்தனை யூனிட், எதில் கலந்தீர்கள்?" இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

தப்பாகப் போவது பெரும்பாலும் இடம் தவறுவதால். காதுக்கும் வாய் ஓரத்துக்கும் இழுத்த கோட்டுக்குக் கீழே, தசையின் தடித்த பகுதியில் போட வேண்டும். முன்னால் நகர்ந்தால் சிரிப்புத் தசையில் பரவிச் சிரிப்பு கோணிக்கொள்ளும். மேலாக மட்டும் போட்டால் உள்ளடுக்கு வேலை செய்து, கடிக்கும்போது கன்னத்தில் ஓர் உருண்டை துள்ளும். அடிக்கடி போட்டால் தசை சுருங்குவதோடு, பாரம் குறைந்த தாடை எலும்பும் மெலியலாம் என்ற கவலை ஆய்வாளர்களிடம் இருக்கிறது. கர்ப்பம், பாலூட்டுதல், மயஸ்தீனியா போன்ற தசை நோய் உள்ளவர்களுக்குக் கூடாது. ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் ஓடும்போதும் எச்சரிக்கை.

ஸ்டீராய்டும் இனிப்புநீரும்: மூட்டில் போட்டாலும் கொஞ்சம் இரத்தத்துக்குள் போகும். ஓரிரு நாளில் சர்க்கரை ஏறி ஒரு வாரம் வரை நிற்கலாம். அந்த வாரம் காலை வெறும் வயிற்றிலும், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்து எழுதுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாகக் கூட்டாதீர்கள். வார்ஃபரின், கிளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர்களும் எந்த ஊசிக்கும் முன் சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது.

இன்னொன்று, போன்ஸ்டானை மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு, குறைந்த நாட்களுக்கு. இனிப்புநீர்க்காரர்களுக்குச் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும்.

---

பிசியோ_கிந்தா

ஊசிப் பேச்சு நடக்கிற இடத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு 2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஒரு சர்வதேச வழிகாட்டுதல் வந்தது. அதில் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவை: மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பது, தசை முடிச்சைக் கையால் அழுத்தி விடுவது, வலியைக் கையாளும் மனப் பயிற்சி. போடாக்ஸ், ஹயலூரோனிக் ஊசி, மூட்டுக் கழுவல் மூன்றும் "பெரும்பாலோருக்கு வேண்டாம்" என்ற பக்கத்தில், நிபந்தனையோடு வைக்கப்பட்டிருக்கின்றன. ஊசி கெட்டது என்பதற்காக அல்ல, கிடைக்கிற பலன் உறுதியாக இல்லை என்பதற்காக.

வீட்டில் செய்ய வேண்டியது. நாக்கு நுனியை 'ல' சொல்லும்போது தொடும் இடத்தில் வைத்து, அங்கிருந்து எடுக்காமல் வாயைத் திறந்து மூட வேண்டும். ஆறு முறை, ஒரு நாளில் ஆறு வேளை. நாக்கு மேலே இருக்கும் வரை தாடை கோணாமல் நேராக இறங்கும், கண்ணாடி முன் நின்று செய்தால் சாய்வது தெரியும். அதற்கு முன் 15 நிமிடம் வெதுவெதுப்பான ஈரத்துண்டு ஒத்தடம். சூட்டுத் தைலத்தைக் கன்னத்தில் பூசி அதன்மேல் துண்டைப் போடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

மற்ற நேரத்தில் உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேரக் கூடாது. சாப்பிடும் நேரம் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. முறுக்கு, காய்ந்த சோத்தோங் (கணவாய்), தே ஐஸ் முடித்துவிட்டு ஐஸைக் கடிப்பது, இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ரொட்டி சானாய் மெத்தென்று இருந்தாலும் இழுத்து மெல்ல வேண்டும், அதையும் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடட்டும். கொட்டாவி வரும்போது முகவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்குங்கள்.

---

வாய்முகப்_பிரிவு

பிசியோ சொன்ன வழிகாட்டுதல் சரி, ஆனால் அது நாட்பட்ட வலிக்கு எழுதப்பட்டது. சமீபத்தில் பூட்டி, 25, 28 மி.மீ. என்று நிற்கும் மூட்டை அதே தட்டில் வைக்க முடியாது. நடைமுறையில் சில வாரம் பயிற்சி, மென்மையான உணவு, தேவையானால் தூங்கும்போது பல்லின்மேல் மாட்டும் இரவுத் தட்டு. அளவு ஏறவில்லை என்றால் கழுவல். பயிற்சி இல்லாமல் கழுவினால் திறந்த வாய் திரும்பவும் சுருங்கும், அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை.

---

தோட்டத்து_மருமகன்

எல்லாருக்கும் நன்றி. கடிதம் வாங்கியாச்சு. அந்தக் கழுவல் எப்படிச் செய்வார்கள் ஐயா? மயக்கம் கொடுப்பார்களா? ஊசி என்றாலே இவளுக்குக் கை நடுங்கும்.

---

வாய்முகப்_பிரிவு

பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியோடு, விழித்தபடியே செய்யலாம். ரொம்பப் பயந்தால் லேசான மயக்கம் உண்டு, அதற்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். இனிப்புநீர் மாத்திரையை அன்று காலை என்ன செய்வது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

தலையை மறுபக்கம் திருப்பி, காதுக்குள் பஞ்சு வைத்து, தோலைச் சுத்தம் செய்வார்கள். காதின் முன்மேட்டிலிருந்து கண்ணின் வெளி ஓரத்துக்குப் பேனாவால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் காதிலிருந்து 10 மி.மீ. முன்னால், 2 மி.மீ. கீழே முதல் புள்ளி. 20 மி.மீ. முன்னால், 10 மி.மீ. கீழே இரண்டாவது. அந்த இடத்தில் துடிக்கும் இரத்தக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்து விலக்கிக்கொள்வார்கள். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து முதல் ஊசி மேலறைக்குள் போகும். இரண்டு மூன்று மி.லி. சலைனைத் தள்ளியதும் மூட்டு உப்பி, முகவாய் லேசாக மறுபக்கம் நகரும், சிரிஞ்சின் கைப்பிடி எதிர்த்துத் தள்ளும். ஊசி சரியான அறையில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு இரண்டாவது ஊசி, அதன் வழியாக நீர் சொட்டத் தொடங்கும். முதலில் கலங்கலாகவோ லேசான சிவப்பாகவோ வந்து, போகப்போகத் தெளியும். 100 மி.லி.யைச் சுற்றிக் கழுவுவது வழக்கம், சிலர் 50-இல் நிறுத்துவார்கள், சிலர் 300 வரை போவார்கள். நடுநடுவே வாயைத் திறந்து மூடச் சொல்வார்கள். கடைசியில் ஓர் ஊசியை எடுத்துவிட்டு, மற்றதன் வழியே ஹயலூரோனிக் அமிலமோ வேறு மருந்தோ விடுவதும் உண்டு. இந்த முறையை 1991-இல் டோரிட் நிட்ஸானும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். டிஸ்க் பழைய இடத்துக்குத் திரும்பாமலேயே வாய் திறந்ததுதான் அதில் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. ஒட்டிக்கொண்ட டிஸ்க் விடுபடுவதும், அழற்சிப் பொருள் வெளியேறுவதும் போதுமாகிவிடுகிறது.

சிக்கல் எங்கே வரும்? நீர் திரும்பி வரவில்லை என்றால் இரண்டு ஊசியும் ஒரே அறையில் இல்லை, அல்லது உள்ளே ஒட்டுகள் இருக்கின்றன. அப்போது பலத்தைக் கூட்டித் தள்ளினால் நீர் தசைக்குள் புகுந்து கன்னம் வீங்கும். ஊசியைத் திருத்தி வைக்க வேண்டும். 25 மி.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது, மூட்டின் கூரை எலும்பு மெல்லியது.

முடிந்ததும் அந்தப் பக்கப் புருவம் தூக்க முடியாமல், கண் முழுதாக மூடாமல் இருக்கலாம். மரத்துப்போகும் மருந்து முகநரம்பைத் தொட்டதால் வருவது, சில மணி நேரத்தில் சரியாகும். அதுவரை கண்ணை மூடிப் பிளாஸ்டர் ஒட்டிவிடுவார்கள், அவர் வண்டி ஓட்டக் கூடாது. அந்தப் பக்கக் கடைவாய்ப்பல் ஓரிரு நாள் சேராது, மூட்டுக்குள் நீர் இருப்பதால் அப்படி. முதல் நாள் குளிர் ஒத்தடம், கஞ்சி வகை உணவு. வலிக்கிறது என்று வாயை அசைக்காமல் வைத்திருப்பதுதான் நிறைய பேர் செய்யும் தப்பு. மறுநாளே மெதுவாகத் திறக்கும் பயிற்சி தொடங்க வேண்டும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், காது கேட்காமல் போவது, தலைசுற்றல் வந்தால் தவணை நாளுக்குக் காத்திராமல் போய்விடுங்கள்.

---

லிந்தாங்_கலா

இடையில் கேட்கிறேன், மன்னிக்கணும். அம்மாவுக்கு 61 வயது. வாய் வரவர மூன்று விரல்கூடப் போக மாட்டேன் என்கிறது. காது பக்கம் வலி இல்லை, உறைப்புச் சாப்பிட்டால் வாயெல்லாம் எரிகிறது. தோட்ட வேலைக் காலத்திலிருந்து வெத்திலை பாக்குப் போடுகிறார். இந்த ஊசி அவருக்கும் ஆகுமா?

---

பல்தாதி_உத்தாரா

தங்கச்சி, அம்மாவுக்கு இது மூட்டுப் பிரச்சினைபோல் தெரியவில்லை. வலி இல்லாமல் மெல்ல மெல்லச் சுருங்குவது, உறைப்புக்கு எரிவது, பாக்குப் பழக்கம், இந்த மூன்றும் வாயின் உள்தோல் நாராக இறுகும் நோயைக் காட்டுகிறது. கையைக் கழுவிக்கொண்டு கன்னத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மேலும் கீழுமாக ஓடும் கயிறுபோல் தட்டுப்படும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறி இருக்கும். நாக்கை முழுதாக வெளியே நீட்ட முடிகிறதா என்றும் பாருங்கள்.

இதற்குக் காரணம் பாக்கு. வெத்திலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கை மென்றால் பயனில்லை. இதற்கும் ஊசி உண்டு, ஆனால் மூட்டில் அல்ல. ஹயலூரோனிடேஸ் 1500 யூனிட்டை ஸ்டீராய்டோடு கலந்து, அந்த நாருக்குள் வாரம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று போடுவார்கள். ஜெல் ஊசியின் பெயரும் இதன் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஒலிக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள், அது மூட்டில் நிரப்புவது, இது இறுகிய தோலைக் கரைப்பது. பாக்கு நிற்காமல் ஊசி மட்டும் போட்டால் திரும்ப இறுகும். இந்த நோய் புற்றாக மாறக்கூடியது. ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு ஏதாவது கண்ணில் பட்டால் இந்த வாரமே பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. செம்பனைக் குலை தூக்கும்போதோ மேடு ஏறும்போதோ தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்குகிறது என்றால் அது இதயமாக இருக்கலாம். ஓய்ந்த பிறகும் விடாமல் வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். ஐம்பதைத் தாண்டியவருக்கு மெல்ல மெல்லத் தாடை களைத்து வலி, பொட்டில் புதிதாகத் தலைவலி, கண் மங்கல் சேர்ந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரி. பார்வை போய்விடக்கூடிய இரத்தக்குழாய் நோய் அப்படித்தான் தொடங்கும்.

---

தோட்டத்து_மருமகன்

இன்று காலை ரூலர் வைத்துப் பார்த்தேன். வலிக்காமல் 24, பொறுத்துக்கொண்டு 29. ஈப்போவுக்குப் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

---

பல்தாதி_உத்தாரா

கடிதம், ஐசி (அடையாள அட்டை), ஓபிஜி எடுத்த கிளினிக்கின் அட்டை, இனிப்புநீர்ப் புத்தகம், சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு. சத்தம் நின்ற தேதி, இந்த இரண்டு அளவு, எந்தப் பக்கம் சாய்கிறது, மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தவணை தள்ளி விழுந்தால் இந்த 24-ஐச் சொல்லி முன்னால் தள்ள முடியுமா என்று கவுண்டரில் கேளுங்கள். அதுவரை பிசியோ சொன்ன பயிற்சியை விடாமல், வாரம் ஒரு தடவை அதே ரூலரில் அளக்கட்டும்.